மூன்று சாக்கு வெட்டுத்துணியும் ஒரு வெளிர்பட்டியும்

கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி 35 வருடம் ஜாக்கெட் தைத்தாள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மிஷின் ஓட்ட முடிந்தது. ஆனால் ஊக்கு கட்டவும் கைமடிப்புத் தைக்கவும் கண் ஒத்துழைக்கவில்லை. முன்தாழ்வாரமான தார்சாவில் கிடந்த கட்டிங் மேஜையை ஒதுக்கிவிடலாம் என்று முடிவான அன்று உள்ளறையான அரங்குக்குள்ளிருந்து மூன்று அரிசிச் சாக்கு வெளியே வந்தது. மூன்றிலும் வெட்டுத்துணி.

வீட்டில் மற்றவர்களுக்கு அதைக் கழித்துக்கட்டினால் போதும் என்றிருந்தது. சித்தி ஒரு சாக்கின் வாயைப் பிரித்து, கைக்கு வந்ததை உருவினாள். மயில்கழுத்து நிறத்தில் இரண்டு விரல் அகலக் கீற்று. "ஏட்டி, இது பெரிய வீட்டு மூத்தவ தலைதீபாவளிக்கு எடுத்தது. கையை ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன்" என்றாள். அடுத்ததை உருவினாள். "இது கோயில் கொடைக்கு எடுத்தது. அளவு ஜாக்கெட்டே தராம, கண்ணாலயே பாத்துத் தைக்கச் சொன்னா." இருபது கீற்று பார்த்திருப்பாள். பதினைந்துக்கு மேல் யாருடையது என்று சொன்னாள். பிரித்ததும் திருத்தியதும் அவள் கைக்கு மறக்கவில்லை.

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் தையல் வேலை செய்கிறேன். மூன்று சாக்கையும் ஒரு போர்வையாக்கித் தருகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். வைகாசியில் தொடங்கியது புரட்டாசியில்தான் முடிந்தது. இடையில் ஒரு முறை மொத்தத்தையும் பிரித்தேன், முடித்த பிறகு ஒரு முறை ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டேன். தையல்காரர் வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சாக்கு கிடக்கும் என்பதால், நடந்ததை அளவோடும் தப்போடும் எழுதி வைக்கிறேன்.

சாக்குக்குள் என்ன இருந்தது

ஜாக்கெட் வெட்டில் மிஞ்சும் துணிக்குத் தனி உருவம் உண்டு. 80 சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ துணி வரும். முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாம் வெட்டி எடுத்த பிறகு சதுரமாக ஒரு துண்டும் அகப்படாது. ஓரக்கரையை ஒட்டி ஒன்றரை இஞ்சில் ஒரு நீளக் கீற்று, கைக்குழிவை வெட்டிய இடத்தில் பிறை போல ஒன்று, கழுத்துப் பட்டிக்குக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டியதன் மிச்சம் ஒன்று, இவ்வளவுதான் இருக்கும். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டும் பேட்ச்வொர்க்குக்கு இந்தத் துணி வளையாது. வளைத்தால் பாதி வீணாகும்.

கீற்றுக்கென்றே ஒரு போர்வை முறை இருக்கிறது. அமெரிக்காவில் அதை ஸ்ட்ரிங் குவில்ட் என்பார்கள். ஸ்ட்ரிங் என்று அங்கே சொல்வது வேறெதற்கும் ஆகாத குறுகல் துணியை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், மாவு மூட்டைத் துணியும் பழைய சட்டையுமே மிஞ்சிய வீடுகளில் இது நன்றாகப் பரவியது. செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, அதன்மேல் கீற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, கடைசியில் தாளைக் கிழித்து எடுப்பார்கள். கிழிக்காமல் விட்ட தாளில் உள்ள தேதியைக் கொண்டு அந்தப் போர்வைகளின் காலத்தை இன்று கணிப்பதும் உண்டு. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். அங்கே அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்காவில் அவை தபால்தலையாகவும் வந்தன.

இதெல்லாம் நமக்குத் தூரத்து உறவு அல்ல. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, எல்லாம் பழந்துணிப் போர்வைகள்தான். நம் பக்கம் பழஞ்சேலையை நாலாக மடித்து நூலோட்டிப் பிறந்த பிள்ளைக்கு விரிப்போம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறோமே, அந்தக் கந்தையும் வங்காளத்துக் காந்தாவும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பட்டிப் போர்வை என்று பெயர் வைத்தோம். தையல்காரர் வாயில் கீற்று என்றால் பட்டிதான்.

முதல் நாலு கட்டம்

தப்பிலிருந்து சொல்கிறேன். செய்தித்தாளை 10 இஞ்ச் சதுரமாக வெட்டினேன். மூலைக்கு மூலை சாய்வாகக் கீற்றைத் தைத்தேன். கைக்கு வந்ததை எடு, பக்கத்தில் வை, தை. துணி தானாக ஒரு அழகுக்கு வந்துவிடும் என்று நம்பினேன். நாலு கட்டம் முடிந்ததும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ராமர் பச்சை, அரக்கு, கருநீலம், வாடாமல்லி, கத்தரிப்பூ என்று தனித்தனியாக ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். சேர்ந்தால் ஆற்றில் புதுவெள்ளம் வந்தது போல ஒரே கலங்கல். கண் எங்கேயும் போய் நிற்கவில்லை.

நிறச்சேர்க்கைதான் தப்பு என்று நினைத்தேன். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு என்று மாற்றி அடுக்கி இரண்டு நாள் போனது. தாளும் சரிப்படவில்லை. அச்சு மை சந்தன நிறத் துணியில் ஒட்டியது. கிழித்தெடுக்கும்போது தையல் இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. நாலு கட்டத்தையும் தார்சாத் திண்ணையில் பரப்பியபடி விட்டுவிட்டு விளக்கு ஏற்றப் போனேன். திரும்பி வரும்போது சித்தி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் ஒரே துணியா ட்டி?" என்று கேட்டாள்.

கண் சரியில்லாமல் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். நானும் பார்த்தேன். அந்த மங்கலில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. நாலு கட்டமும் ஒரே சாம்பல். ஒரே ஒரு சந்தனக் கீற்று மட்டும் மூலையில் துலக்கமாகத் தெரிந்தது. காலையில் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். நிறம் முப்பது இருந்தது, வெளிச்ச அளவு ஒன்றுதான் இருந்தது.

காரணம் சாக்கிலேயே இருந்தது. நம்மூரில் ஜாக்கெட் நிறத்தைச் சேலையின் உடலிலிருந்து எடுப்பது குறைவு, கரையிலிருந்துதான் எடுப்போம். கரை பெரும்பாலும் அடர்த்தி. வேர்வை தெரியாமல் இருக்கவும் அடர்நிறம்தான் தோது. ஒரு சாக்கைக் கொட்டி எண்ணினேன். 600 கீற்றில் வெளிர் நிறம் 70கூட இல்லை. இப்படி ஒரு குவியலில் எத்தனை நிறம் சேர்த்தாலும் உருவம் எழும்பாது. அடர்த்தியைக் காட்ட வெளிர் வேண்டும்.

வெளிர்பட்டி எங்கிருந்து வந்தது

இரண்டு மீட்டர் வெள்ளைப் பாப்ளின் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். சித்திக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கின துணி இதில் சேரக் கூடாது என்றாள். நியாயம்தான். மேஜைக்கு அடியில் தேடியபோது லைனிங் துணிச் சுருள் ஒன்று கிடைத்தது. அரைவெள்ளை, 36 இஞ்ச் அகலம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 35 வருடமாக எல்லார் ஜாக்கெட்டுக்கும் உள்ளே போன துணி அது. வெளியே யார் கண்ணிலும் பட்டதில்லை.

அதிலிருந்து 2 இஞ்ச் அகலம், 15 இஞ்ச் நீளத்தில் 48 பட்டி வெட்டினேன். ஒன்றேகால் மீட்டருக்குள் அடங்கியது. வெட்டுவதற்கு முன் இரண்டு முறை நனைத்துக் காயவைத்தேன். லைனிங் இழைநெருக்கம் குறைந்த துணி, நன்றாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் போர்வை முழுதும் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தப் பட்டி நட்ட நடுவில், மூலைக்கு மூலை. அதற்கு ஒரு பக்கம் சிவப்பு, மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, காவி. மறு பக்கம் பச்சை, நீலம், மயில்கழுத்து, கத்தரிப்பூ, கறுப்பு. முதல் குவியலுக்கு வெயில் பக்கம், இரண்டாவதற்கு நிழல் பக்கம் என்று பெயர். அதற்குள்ளே எந்த ஒழுங்கும் வைக்கவில்லை. ஒரே துணி அடுத்தடுத்து வரக் கூடாது, மூலையில் வரும் கடைசிக் கீற்று இரண்டு இஞ்சுக்குக் குறையக் கூடாது, அவ்வளவே சட்டம். மூலைக்கீற்று குறுகலானால் கட்டங்களை இணைக்கும் தையல் அதை விழுங்கிவிடும்.

நாலு கட்டத்தை வெயில் மூலைகள் நடுவில் சந்திக்கும்படி வைத்தால், நாலு வெளிர்பட்டியும் சேர்ந்து ஒரு வைரமாகும். உள்ளே வெயில். அந்த வைரங்களுக்கு இடையில் நிழல் மூலைகள் தாமாகச் சேர்ந்து இன்னொரு வைரம் ஆகும். நான் போட்டது அரைப் படம்தான், மறுபாதியைக் கட்டங்களே போட்டுக்கொண்டன. குறுக்கே 6, நெடுக்கே 8, மொத்தம் 48 கட்டம். முழு வெயில் வைரம் 12. நிழல் வைரம் 6 முழுதாகவும், ஓரங்களில் 10 அரையாகவும், மூலைகளில் 4 காலாகவும் வந்தன. கூட்டிப் பார்த்தால் அதுவும் 12. தைத்து முடித்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது.

துணியைத் தெரிந்துகொள்வது

சாக்கில் பருத்தி மட்டும் இருந்தால் வேலை பாதி. டூ பை டூ ரூபியா, பாப்ளின், டெரிகாட்டன், சில்க் காட்டன், ஆர்ட் சில்க், பட்டு, ஜரிகை, சாட்டின், நெட் என எல்லாம் கலந்து கிடந்தது. பார்வையில் பிடிபடாததற்கு நெருப்புதான் வழி. ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, குறட்டில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கடுகு போல் கெட்டியாக நிற்கும். பட்டு மயிர் கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நெட்டையும் சாட்டினையும் கழித்தேன். சாட்டின் வழுக்கும், ஓரம் பிரிந்துகொண்டே இருக்கும். பட்டையும் கழிக்கத்தான் நினைத்தேன், துவைக்கிற போர்வைக்கு அது தாங்காது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. பட்டு எல்லாம் கல்யாண ஜாக்கெட். கடைசியில் இப்படிச் செய்தோம்: பட்டும் ஜரிகையும் தைத்த பிறகு முக்கால் இஞ்சுக்கு மேல் தெரியக் கூடாது, இருபுறமும் பருத்திக் கீற்று இருக்க வேண்டும், மேல் இரண்டு வரிசையில் வரவே கூடாது. குறுகலாக இருந்தால் இரண்டு தையலும் அருகருகே பிடித்துக்கொள்ளும், பட்டு நடுவில் இற்றுப்போக இடமிருக்காது. மேல் வரிசை முகத்தில் படும் இடம். ஜரிகை கன்னத்தில் உரசினால் தூக்கம் வருமா?

கிராஸ் கீற்றுகள் இன்னொரு தொல்லை. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். ஆனால் இந்த முறையில் கீற்று வேறொரு துணிமேல் ஏறி உட்காருகிறது. அடித்துணி நிலையாக இருந்தால் கிராஸ் கீற்றும் அடங்கிப்போகும். ஜாக்கெட் வெட்டுத்துணிக்கு நான் வேறு எந்த முறையையும் தேடாததற்கு இது ஒன்றே போதும்.

அடித்துணி, கஞ்சி, ஒரு கட்டம்

தாளுக்குப் பதில் பழைய வேட்டி. நாலு முழ வேட்டியில் கரையைக் கழித்துவிட்டால் 10 இஞ்ச் சதுரம் அகலத்தில் 4, நீளத்தில் 7, ஆக 28 வரும். இரண்டு வேட்டியில் 56. நைந்த இடத்தையும் மஞ்சள் கறை பட்ட இடத்தையும் ஒதுக்கியும் 50 தேறியது. பல வருடம் துவைத்த வேட்டி இனிச் சுருங்காது. ஆனால் அந்த மென்மைதான் வில்லங்கமும். ஊசிக்கு அடியில் சுருண்டு மடிந்தது. சித்தி வடிகஞ்சியை நீர்க்க விட்டு வேட்டியை முக்கி, அரை ஈரத்தில் தேய்க்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அட்டை மாதிரி நின்றது. முதல் துவைப்பில் கஞ்சி போய்விடும்.

வேட்டியைக் கிழித்தெடுக்கப் போவதில்லை, உள்ளேயே இருக்கும். அதனால் பஞ்சோ நடுத்துணியோ தேவையில்லை என்று முடிவு செய்தேன். மேல்துணி, வேட்டி, பின்துணி, இவ்வளவு கனம்தான் நம்மூர் தாங்கும். மார்கழி விடியலுக்கும் ஆனி ஆடியில் பொதிகைப் பக்கமிருந்து வீசும் சாரல் காற்றுக்கும் அது போதும். பஞ்சு வைத்த போர்வை இங்கே பெட்டிக்குள்தான் கிடக்கும்.

ஒரு கட்டம் இப்படி. வேட்டிச் சதுரத்தில் மூலைக்கு மூலை பென்சில் கோடு. அதற்கு இருபுறமும் முக்கால் இஞ்ச் தள்ளி இன்னும் இரண்டு கோடு. வெளிர்பட்டியை நல்லபுறம் மேலே இருக்க, நடுக்கோட்டில் மையமாக வைக்கிறேன். வெயில் குவியலிலிருந்து ஒரு அரக்குக் கீற்று, நல்லபுறம் கீழாக, பட்டியின் ஓரத்தோடு ஓரம் பொருந்தக் கவிழ்க்கிறேன். ஓரத்திலிருந்து கால் இஞ்சில் ஒரு தையல். வேட்டி, பட்டி, கீற்று மூன்றையும் ஊசி ஒன்றாகப் பிடிக்கிறது. இப்போது கீற்றை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டு நகத்தால் கீறுகிறேன். பிறகு இஸ்திரி. தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் சாய்வுக் கீற்று வில்லாக வளையும். பிறகு அதன் ஓரத்தில் அடுத்த கீற்று. ஒரு பக்கத்துக்கு ஐந்து வாக்கில் போனால் மூலை வந்துவிடும். மறு பக்கமும் அதே. ஒரு கட்டத்துக்கு 11 கீற்று என்றால் மொத்தம் 500க்கு மேல்.

திருப்பிப் போடும்போது தையல் விளிம்புகள் இரண்டும் புதுக் கீற்றுக்கு அடியில்தான் படியும். அதனால் அடர்நிற விளிம்பு வெளிர்பட்டிக்கு அடியில் போய் நிழலாகத் தெரியாது. ஆனால் கறுப்புக் கீற்றுக்குப் பிறகு ஒரு மெல்லிய வெளிர்பச்சை வந்தால் கறுப்பின் விளிம்பு அடியில் கோடாகத் தெரியும். அப்படி ஓர் இடம் வந்தால் அடர் விளிம்பை மட்டும் ஒரு நூல் குறைத்து வெட்டிவிடுவேன்.

ஓரம் வெட்டுவதில்தான் முழுக் கவனமும் போனது. 9½ இஞ்சில் ஒரு அட்டைச் சதுரம், அதில் மூலைவிட்டக் கோடு. கோடு வெளிர்பட்டியின் நடுவில் அச்சாக உட்கார வேண்டும். இரண்டு நூல் தவறினாலும் நாலு கட்டம் சேரும் இடத்தில் வைரத்தின் முனை மழுங்கும். எனக்கு மூன்று இடத்தில் மழுங்கியது. ஒன்றைப் பிரித்துத் தைத்தேன். இரண்டை விட்டுவிட்டேன், எங்கே என்று எனக்குத் தெரியும்.

ஒரு கட்டத்துக்கு 40 நிமிடம், 48க்கு 32 மணி நேரம். பிரித்து அடுக்கியதும் நெருப்பில் சோதித்ததும் கணக்கில் இல்லை. ஓரத்துக்கு மூன்று இஞ்சில் கருநீலக் கரை வைத்தேன். ஐந்தடிக்கு ஆறரை அடி ஆயிற்று.

பின்பக்கமும் சித்தியின் கையும்

பின்துணிக்குச் சித்தியின் வீரவநல்லூர் நூல்சேலை. அவளிடம் செடிபுட்டா சேலையும் ஒன்று உண்டு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வகை. அதைக் கேட்டேன். தரவில்லை. சாதா கட்டம்போட்ட சேலையைத்தான் கொடுத்தாள். 82 இஞ்ச் நீளத்தில் இரண்டு பாகம் வெட்டி, பக்கவாட்டில் இணைத்தேன். முந்தானையும் உள்முனையும் தேயாமல் இருந்தன, நடுப்பாகத்தில் உட்காரும் இடம் நைந்திருந்தது. நைந்ததை ஒதுக்கினேன்.

மேலும் கீழும் நகராமல் பிடிக்க நூலோட்டம் வேண்டும். கீற்றுகள் மேல் ஓட்டினால் ஒவ்வொரு இஞ்சுக்கும் தையல் விளிம்பு குறுக்கிடும், ஊசி இறங்காது. வெளிர்பட்டியில் மட்டும் ஒட்டுப் போடாத துணி, அடியில் வேட்டி, அதற்கடியில் சேலை. ஊசி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. கண்ணுக்கு இடம் கொடுக்க வைத்த பட்டி, கட்டம் வெட்டுகையில் அளவுகோலாக இருந்தது, கடைசியில் ஊசிக்குப் பாதையும் ஆனது.

அந்த நூலோட்டம் முழுதும் சித்தி போட்டது. நூலை நான் கோத்துத் தருவேன். இடது கைக் கட்டைவிரலைப் பட்டியின் ஓரத்தில் வைத்து, தையல் மேட்டைத் தடவிக்கொண்டே போவாள். பார்க்கவே வேண்டியதில்லை. தையலின் நீளம் அங்கங்கே கூடிக் குறையும், பட்டியை விட்டு மட்டும் வெளியே போகவில்லை. 48 பட்டிக்கும் அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

சாயம்

இது என் தப்பு, வேறு யாருடையதும் அல்ல. முதல் இரண்டு சாக்குத் துணியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வெள்ளைத் துணியோடு ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் சாக்கிலிருந்து கடைசியாக எடுத்த சில சிவப்புகளுக்கு நேரமில்லை என்று கல்லுப்புத் தண்ணீரில் முக்கி எடுத்ததோடு விட்டேன். உப்பு சாயத்தை நிறுத்தும் என்று சிறு வயதிலிருந்து கேட்டது. நிறுத்தவில்லை. போர்வையை முதல் முறை வாளியில் நனைத்த பத்தாவது நிமிடம் தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. தூக்கிப் பார்த்தால் இரண்டு வெளிர்பட்டியில் இளஞ்சிவப்புத் திட்டு. பின்பக்கச் சேலையிலும்.

காய விட்டால் அப்படியே நின்றுவிடும். புது வாளித் தண்ணீரில் போடப் போனேன். "வாளித் தண்ணி அதே சாயத்தத் திருப்பி ஒட்டும். ஓடுற தண்ணியில போடு" என்றாள் சித்தி. ஈரத்தோடு பெரிய போணியில் வைத்துப் படித்துறைக்குத் தூக்கிப் போனோம். அவள் படியில் உட்கார்ந்து இரண்டு முனையைப் பிடிக்க, நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி மற்ற இரண்டு முனையைப் பிடித்தேன். சோப்பு போடவில்லை. தாமிரபரணி அதன் அடியில் ஓடியது. ஒரே ஒரு கீற்றிலிருந்து சிவப்பு ஒரு நூல் போலக் கிளம்பி, ஒரு முழம் போய்க் கரைந்தது. எந்தக் கீற்று என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். முக்கால் மணி நேரத்தில் அந்த நூல் மெலிந்து நின்றது. பட்டியில் இருந்த திட்டு பெரும்பாலும் போயிற்று. ஒன்றில் மட்டும் வெற்றிலை போட்ட விரல் பட்டது போல லேசாக இருக்கிறது.

அந்தக் கீற்றைப் பிரித்து எடுத்து, அதே இடத்தில் ஓரம் மடித்து வேறொரு காவிக் கீற்றைக் கையால் தைத்தேன். ஒரு கீற்று கெட்டாலும் பக்கத்துக் கீற்று அசையாமல் மாற்ற முடிகிறது, அடியில் வேட்டி பிடித்துக்கொள்கிறது. இனி இப்படி எதைச் செய்தாலும் அடர்சிவப்பையும் கருநீலத்தையும் தண்ணீர் தெளியும்வரை மறுபடி மறுபடி அலசிய பிறகே தொடுவேன்.

நூல், ஊசி, தீப்பெட்டி உள்பட செலவு 260 ரூபாய். மூன்று சாக்கில் ஒன்றரைதான் தீர்ந்தது. வேட்டிச் சதுரம் இரண்டு மிஞ்சியதில் மிஷினுக்கு ஒரு மூடுதுணி ஆயிற்று.

மார்கழியில் போனபோது சித்தி பத்தமடைப் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, போர்வையை மடியில் போட்டிருந்தாள். நிழல் பக்கத்தில் ஒரு கறுப்பும் மஞ்சளும் சின்னக் கட்டம்போட்ட ரூபியாக் கீற்று இருக்கிறது. அது யாருடையது என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதன் ஓரத்தில் ஒரு ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிற பெண்களிடமெல்லாம் போர்வையை நீட்டி, "இது உன்னுதா, பாரு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.